அண்ணனோட பழைய போக்கிமான் கார்டு: பின்பக்கம் திருப்பிப் பாத்து விலை போட்டு வித்தது

வீட்ல பழைய போக்கிமான் கார்டு (பசங்க சேத்து வச்சு ஆடுறது) கெடக்குது, எவ்வளவுக்குப் போகும்னு கேக்குறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். முன்பக்கம் என்ன படம்னு பாக்குறதுக்கு முன்னாடி கார்டைத் திருப்பி பின்பக்கத்துல அந்த நீல பார்டர் எப்படி இருக்குன்னு பாருங்க, விலையில பாதி அங்கதான் இருக்கு. சாரிசார்ட்னு டிராகன் மாதிரி ஒரு போக்கிமான், ஒரே சாரிசார்ட் கார்டு, ஒரே வருசம், ஒரே பிரிண்ட், ஆனா ஓரம் வெள்ளையா உரிஞ்சதுக்கும் உரியாததுக்கும் நடுவுல பல மடங்கு வித்தியாசம் வருது.

கார்டு எல்லாம் அண்ணனோடது. 1999ல சிங்கப்பூர்ல போக்கிமான் பைத்தியம் பிடிச்சப்போ அவன் பிரைமரி ஸ்கூல், தீபாவளிக்கு கவர்ல குடுக்குற ஆங் பாவ் காசு மொத்தமும் அடுக்குமாடி புளோக் கீழ இருந்த மாமா ஷாப்லயே, அதாவது பெட்டிக்கடையிலயே போயிடும். இப்ப அவன் மெல்பர்ன்ல செட்டில் ஆயிட்டான், அம்மா அளவுல சின்ன ஃபிளாட்டுக்கு மாறுறாங்க, பாம் ஷெல்டர்ல இருந்த பெட்டிய என்ன பண்றதுன்னு கேட்டா "நீயே வித்துடு, பாதி உனக்கு"ன்னுட்டான். நான் அந்த கேம் ஒரு தடவகூட ஆடுனதில்ல. அதுவும் ஒரு வகையில நல்லதுதான், எந்தக் கார்டு மேலயும் எனக்குப் பாசம் கிடையாது.

அம்மாவுக்கோ நியூஸ்ல கேட்டதெல்லாம் மனசுல. லோகன் பால்ங்கிற யூட்யூபர் ஒரே ஒரு பிகாச்சு கார்டுக்கு 52 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல குடுத்தது, 2022ல ஃபர்ஸ்ட் எடிஷன் சாரிசார்ட் ஒண்ணு 4 லட்சம் டாலருக்கு மேல போனது, இதெல்லாம் யாரோ சொல்லிட்டாங்க. பெட்டியத் திறக்குறதுக்கு முன்னாடியே வீட்டுக் கடன் எல்லாம் அடைஞ்சிட்ட மாதிரி பேச்சு. அந்த விலை எல்லாம் பிஎஸ்ஏ மாதிரி கம்பெனி பத்துக்குப் பத்து மார்க் போட்டு பிளாஸ்டிக்ல சீல் பண்ண கார்டுக்கும், உலகத்துலயே சில டசன்தான் இருக்குங்கிற பரிசு கார்டுக்கும் வர்ற விலைம்மா, பையன் ஸ்கூல் பேக்ல போட்டு ரெசஸ்ல ஆடுன கார்டுக்கு இல்லன்னு சொல்லிப் புரிய வைக்கவே ஒரு சாயங்காலம் போச்சு.

பாம் ஷெல்டர்னா இங்க தெரியும், 90கள் கடைசியில இருந்து கட்டுன புளோக்ல எல்லா வீட்லயும் ஒரு இரும்புக் கதவு ரூம், எல்லாரும் ஸ்டோர் ரூமாத்தான் வச்சிருப்பாங்க. காத்து போகாது. சிங்கப்பூர் ஈரப்பதம் சும்மாவே 80 சதவீதத்துக்கு மேல நிக்கும், அதுல இருபது வருசத்துக்கு மேல பேப்பர் கெடந்தா என்னாகும்? மினுமினுப்பு கார்டு எல்லாம், அதாவது ஹோலோ, வளைஞ்சு நின்னுச்சு. ஃபாயில் பக்கம் ஈரத்த இழுக்காது, அட்டைப் பக்கம் இழுக்கும், அதான் வளையுது. இதுக்கு அயர்ன் பாக்ஸ் வைக்கிறது, தண்ணி தெளிக்கிறது எல்லாம் வேணாம் சாமி. ஸ்லீவ்ல, அதாவது மெல்லிசு பிளாஸ்டிக் உறையில போட்டு, காத்து போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட கொஞ்ச நாள் வச்சு, அப்புறம் கனமான புக் ரெண்டு மேல வச்சேன், பெரும்பாலானது நிமிர்ந்துடுச்சு. கேமரா வச்சிருக்கிற ஃப்ரெண்ட்கிட்ட ஈரம் ஏறாத டிரை கேபினெட் இருந்தா இன்னும் வசதி.

வேல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வாங்குனது, பென்னி ஸ்லீவ்னு அந்த மெல்லிசு உறை ஒரு கட்டு, டாப்லோடர்னு கெட்டி பிளாஸ்டிக் உறை கொஞ்சம், நகைக்கடைக்காரங்க கண்ணுல வைக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு, நல்ல வெள்ளை வெளிச்சம் தர்ற டேபிள் லைட். கைய கழுவி காய வச்சுட்டு ஓரத்தப் பிடிச்சு எடுக்கணும். எதையும் துடைக்காதீங்க, ரப்பர் போடாதீங்க, கார்டு "க்ளீன்" பண்ணி பளபளன்னு காட்டுறேன்னு போனா வாங்குறவன் லென்ஸ்ல பாத்த உடனே கண்டுபிடிச்சுடுவான். அண்ணன் கொஞ்சத்த ரிங் பைண்டர்ல போட்டு வச்சிருந்தான், வளையத்துக்குப் பக்கத்துல இருந்த வரிசை எல்லாத்துலயும் அரை வட்டமா அமுங்குன தழும்பு. மிச்சத்த ரப்பர் பேண்ட் போட்டு கட்டி வச்சிருந்தான், அந்த ரப்பர் உருகி மேல கார்டுலயும் அடி கார்டுலயும் பழுப்பா ஒட்டிக்கிச்சு. நடுவுல இருந்ததெல்லாம் அந்த ரெண்டாலதான் பொழச்சுது.

முதல்ல செட் பிரிச்சேன், அதாவது எந்தக் கார்டு எந்த வெளியீட்டுல வந்ததுன்னு. இது ஈசி, படத்துக்குக் கீழ வலது பக்கம் ஒரு குட்டி சின்னம் இருக்கும். பூ இருந்தா ஜங்கிள், எலும்புக் கை மாதிரி இருந்தா ஃபாசில், ஆங்கில ஆர் எழுத்து இருந்தா டீம் ராக்கெட், ரெண்டுன்னு போட்டு போக்கிபால் (போக்கிமான் பிடிக்கிற பந்து) இருந்தா பேஸ் செட் டூ. சின்னமே இல்லன்னா பெரும்பாலும் முதல் பேஸ் செட், 102 கார்டு. இதுல ஒரு கூத்து, ஜங்கிள் ஹோலோ சிலதுல சின்னத்த போட மறந்து அச்சடிச்சுட்டாங்க, அதுக்கு தனி விலை, அதனால கார்டு மூலையில இருக்கிற நம்பரையும் பாக்கணும், 64ன்னு முடிஞ்சா அது ஜங்கிள். நம்பர் பக்கத்துல வட்டம்னா காமன், டைமண்ட்னா அன்காமன், நட்சத்திரம்னா ரேர்.

பேஸ் செட்ட மட்டும் தனியா எடுத்து திரும்ப பிரிச்சேன். ஏன்னா 1999ல விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி இங்கிலீஷ்ல இத அடிச்சப்போ பல ரவுண்டு அடிச்சிருக்காங்க. முதல் ரவுண்டுல படத்துக்குக் கீழ இடது பக்கம் கறுப்பா ஃபர்ஸ்ட் எடிஷன் முத்திரை இருக்கும். அடுத்தது முத்திரை இல்ல, ஆனா படக் கட்டத்துக்கு வலது பக்கம் நிழலும் இல்ல, இதத்தான் ஷேடோலெஸ்னு சொல்றாங்க, கலர் கொஞ்சம் வெளிறுன மாதிரி இருக்கும், கீழ காப்பிரைட் வரியில நின்டெண்டோவுக்கு முன்னாடி 99ங்கிற வருசமும் சேர்ந்து வரும். மூணாவதுதான் நிழல் போட்டது, அன்லிமிடெட், கடையில குவிஞ்சு கெடந்தது. அம்மாவோட லட்சக்கணக்கு முதல் வகை. அண்ணன்கிட்ட இருந்தது கிட்டத்தட்ட எல்லாம் மூணாவது வகை, ஷேடோலெஸ் காமன் மட்டும் ஒரு கைப்பிடி. வருத்தமா இருந்தாலும் இது தெரிஞ்ச உடனே வேல சுளுவா ஆயிடுச்சு, கனவு காணாம எண்ண ஆரம்பிச்சேன்.

பழசு மாதிரியே இருக்கிற புதுசும் உண்டு, அதையும் சொல்லிடுறேன். 2016ல எக்ஸ்ஒய் எவல்யூஷன்ஸ்னு ஒரு செட் பேஸ் செட் டிசைன்லயே வந்துச்சு, அதுல சாரிசார்ட் நம்பர் 108க்கு 11. 2021ல 25ஆவது வருசத்துக்கு செலிப்ரேஷன்ஸ்னு விட்டாங்க, அதுல பழைய நம்பரே 102க்கு 4ன்னு இருக்கும், ஆனா 25ன்னு ஒரு குட்டி முத்திரை இருக்கும். பழைய சாமான் விக்கிற கேரஸெல் ஆப்ல "ஒரிஜினல் 1999"ன்னு போட்டு இந்த ரெண்டையும் விக்கிறவங்க நிறைய பேரு, பாதி பேரு தெரியாமலே விக்கிறாங்கன்னு நெனைக்கிறேன்.

அடுத்தது போலி. பாசார் மாலாம்ல, அதாவது ராத்திரிச் சந்தையில, அந்தக் காலத்துல ஒரு பாக்கெட் ஒரு வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) கம்மியா வித்தாங்கல்ல, அதுல நிறைய பெட்டிக்குள்ள கலந்து இருந்துச்சு. கண்டுபிடிக்க லென்ஸ்கூட வேணாம், பின்பக்கம் திருப்புனா நீலம் ஊதாவா அடிக்கும், இல்லன்னா வெளிறி இருக்கும். போக்கிமான்ங்கிற இங்கிலீஷ் எழுத்துல ஈ மேல ஒரு கோடு வரணும், அது இருக்காது. போக்கிமானோட உயிர்பலத்தக் காட்டுற ஹெச்பி நம்பர இஷ்டத்துக்கு அடிச்சு விட்டிருப்பாங்க. சந்தேகம் வந்தா டார்ச் டெஸ்ட், நல்ல அட்டையில நடுவுல கறுப்பா ஒரு மெல்லிசு லேயர் இருக்கும், அதனால போன் டார்ச்ச பின்னாடி வச்சா வெளிச்சம் கம்மியா வரும், போலியில பளிச்சுன்னு வந்துடும். ஒப்பிட்டுப் பாக்க கண்டிப்பா நிஜம்னு தெரிஞ்ச ஒரு எனர்ஜி கார்டு (கேம்ல போக்கிமானுக்குச் சக்தி குடுக்குற சாதா கார்டு) கையில வச்சுக்குங்க, தனியா ஒண்ண மட்டும் பாத்தா புரியாது. போலி எல்லாத்தையும் ரெண்டா கிழிச்சு குப்பையில போட்டேன், இல்லன்னா யார் கைக்காவது போய் திரும்ப நிஜம்னு விலை பேசப்படும்.

இப்பதான் முக்கியமான கட்டம், கண்டிஷன். கிட்டத்தட்ட புதுசுன்னா நியர் மின்ட், அப்புறம் எவ்வளவு ஆடித் தேஞ்சதுங்கிறத வச்சு லைட்லி பிளேட் (எல்பி), மாடரேட்லி பிளேட், ஹெவிலி பிளேட், டேமேஜ்ட்னு அஞ்சு படி. ஸ்கூல் பையன் ஆடுன கார்டு பெரும்பாலும் நடுப்படியிலதான் விழும். நான் பண்ணது என்னன்னா, முதல்ல எல்லாத்தையும் கவுத்து வச்சுட்டேன், முன்பக்கத்தப் பாக்கவே இல்ல. நீல பார்டர்ல நாலு ஓரம், நாலு முனை, வெள்ளைப் புள்ளி எத்தன, கோடா நீண்டிருக்கா. அந்தப் பக்கம் பாத்தே குவியல் பிரிச்சேன், அப்புறம்தான் முன்னாடி திருப்புனது. ஏன்னா படத்தப் பாத்துட்டா மனசு சாயும், எனக்கே சாயும், ஹோலோ மினுங்குனா "இது நல்லாத்தானே இருக்கு"ன்னு தோணும். முன்னாடி திருப்புன பிறகு ஹோலோவ லைட்டுக்குக் கீழ சாய்ச்சு சாய்ச்சு கீறல் பாக்கணும், நேரா பாத்தா தெரியாது. மடிப்புக் கோடு ஒண்ணு இருந்தாக்கூட, எவ்வளவு சின்னதா இருந்தாலும், அத கடைசி ரெண்டு படியிலதான் போட்டேன். சந்தேகம்னா ஒரு படி கீழதான் போட்டேன், அதனால விக்கிறப்போ ஒருத்தர்கூட வாக்குவாதம் பண்ணல.

அந்த சாரிசார்ட் கதைக்கு வர்றேன். பேஸ் செட் அன்லிமிடெட், ஹோலோ நல்லா இருக்கு, முனை கூட பரவால்ல. திருப்புனா, பின்பக்கம் நடுவுல இருக்கிற போக்கிபால் மேல நீல பேனாவால அண்ணன் பேரு, தமிழ்ல, அழுத்தி எழுதுனதுல முன்பக்கம் வரைக்கும் தடம். வீடியோ கால்ல காட்டி "அண்ணே ஏன் இப்படி"ன்னா, "ஸ்கூல்ல திருடிடுவாங்கடி, அதான்"னு சிரிக்கிறான். பேரு எழுதுனா அது டேமேஜ்ட், வேற பேச்சே இல்ல. சுத்தமா இருந்தா போற விலையில மூணுல ஒரு பங்குதான் வந்துச்சு, ஆனா உடனே போச்சு, சாரிசார்ட்னா எந்த நெலமையிலயும் வாங்க ஆள் இருக்கு.

பெட்டியில நெஜமான காசு எங்க இருந்துச்சுன்னா, யாரும் எதிர்பாக்காத அடி அடுக்குல. 2002, 2003ல இ-ரீடர்னு ஒரு மெஷினுக்காக கார்டு ஓரத்துல புள்ளிப் புள்ளியா ஒரு பட்டை அச்சடிச்சு செட் விட்டாங்க, எக்ஸ்பெடிஷன், அக்வாபோலிஸ், ஸ்கைரிட்ஜ். அதுக்குள்ள பசங்களுக்கு மோகம் போயிடுச்சு, மத்தவங்க எல்லாம் வேற கேமுக்கு ஓடிட்டாங்க, விற்பனையும் சரிஞ்சுடுச்சு. 2003லயே விசார்ட்ஸ் கையில இருந்து கார்டு நின்டெண்டோ பக்கம் போயிடுச்சு, அவங்க கடைசியா விட்டது அந்த ஸ்கைரிட்ஜ்தான். கம்மியா வித்தது, அதனால இப்ப கம்மியா கெடைக்குது, அதனாலதான் விலை. அண்ணன் அப்ப செகண்டரி போயிட்டான், மாமா ஷாப்ல யாரும் வாங்காம கெடந்த பாக்கெட்ட விலை குறைச்சதும் அள்ளிட்டு வந்து, பாத்துட்டு, அப்படியே பெட்டிக்குள்ள போட்டுட்டான், ஆடவே இல்ல. பின்பக்கம் நீலம் அப்படியே இருந்துச்சு. நம்பருக்கு முன்னாடி ஹெச் எழுத்து போட்ட ஹோலோ சிலது, படத்த விட்டுட்டு சுத்தி மினுங்குற ரிவர்ஸ் ஹோலோ கொஞ்சம், பேரே தெரியாத போக்கிமான் எல்லாம், ஒவ்வொண்ணும் அண்ணன் பொத்திப் பொத்தி வச்சிருந்த பேஸ் செட் ஹோலோவ விட மேல போச்சு. பழைய பெட்டி விக்கிறவங்க பிகாச்சு, சாரிசார்ட்ட மட்டும் எடுத்துட்டு மிச்சத்த மொத்தமா குடுத்துடுறாங்க பாருங்க, நஷ்டம் அங்கதான்.

விலை பாக்குறது எப்படின்னா, கேக்குற விலைய நம்பாதீங்க, வித்த விலைய மட்டும் பாருங்க. ஈபேல சோல்ட் ஐட்டம்ஸ்னு ஃபில்டர் இருக்கு, அதுல கடைசியா போன ஒரு அஞ்சாறு பாத்து, ரொம்ப மேலயும் ரொம்பக் கீழயும் இருக்கிறத விட்டுட்டு நடுவுல எடுத்தேன். டிசிஜி பிளேயர்ங்கிற கார்டு விக்கிற சைட்ல மார்க்கெட் பிரைஸ்னு ஒண்ணு காட்டும், அதுவும் நடந்த விற்பனைய வச்சுத்தான், ஆனா அமெரிக்க டாலர், நம்ம வெள்ளிக்கு மாத்திக்கணும். கேரஸெல்ல அதே கார்டுக்கு என்ன போட்டிருக்காங்கன்னும் பாத்தேன், அது போட்டி எப்படின்னு தெரிஞ்சுக்க மட்டும். சின்னதா ஒரு ஸ்பிரெட்ஷீட், கார்டு பேரு, நம்பர், படி, விலை. அஞ்சு வெள்ளிக்குக் கீழ உள்ளதுக்கு தனித்தனியா வரி போடல, ஒரு கார்டுக்கு போட்டோ எடுத்து, பதில் போட்டு, எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் போய்க் குடுக்குற நேரத்துக்கு அது கட்டுப்படியாகாது.

கிரேடிங், அதாவது மார்க் போட்டு சீல் பண்ண அனுப்பலாமான்னு அண்ணனோட கொஞ்சம் முட்டிக்கிச்சு. அவனுக்கு எல்லாத்தையும் பிஎஸ்ஏ அனுப்பணும். கணக்குப் போட்டுக் காட்டுனேன், இங்க இருந்து பெரும்பாலும் பல பேரு கார்ட சேர்த்து அனுப்புற ஏஜெண்ட் மூலமாத்தான் போகுது, கார்டுக்கு ஒரு ஃபீஸ், போக வர தபால், இன்சூரன்ஸ், மாசக்கணக்கா காத்திருக்கணும், ஆறோ ஏழோ மார்க் வாங்கிட்டு வந்தா சும்மா வித்திருந்தாலே அந்தக் காசு வந்திருக்கும். ஒம்போதுக்கு மேல வரும்னு நம்பிக்கை இருக்கிறத மட்டும்தான் அனுப்பணும். லென்ஸ்ல பாத்து, இடது வலது பார்டர் சமமா இருக்கான்னு அளந்து, ஸ்கைரிட்ஜ்ல ரெண்டு மட்டும் ஒதுக்குனேன். அத அவன் பேர்லயே அனுப்பட்டும்னு தனியா வச்சுட்டேன், மத்தது எல்லாம் அப்படியே வித்தாச்சு.

விக்கிறதுக்கு முதல்ல கடை. ஒரு கார்டு கடையில பைண்டரக் காட்டுனப்போ அங்க இருந்த பையன் புரட்டிட்டு, நல்ல பக்கமா நாலு பக்கத்த மட்டும் எடுத்துக்கிறேன்னு ஒரு விலை சொன்னான். மார்க்கெட் விலையில பாதி மாதிரி. பாதி குடுக்குறது தப்பில்ல, அவங்களுக்கு வாடகை இருக்கு, வித்து வர்ற வரைக்கும் காசு முடங்கும். ஆனா நல்லத மட்டும் பாதி விலைக்குக் குடுத்துட்டா மிச்சத்த யாரு எடுப்பா? "எல்லாத்தையும் எடுத்தா பேசலாம் தம்பி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதனால பெரிசு எல்லாம் கேரஸெல்ல ஒண்ணொண்ணா. போட்டோ பகல் வெளிச்சத்துல, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, நாலு முனை கிட்ட வச்சு, ஃபில்டர் கெடையாது. பக்கத்துல ஒரு சீட்டுல என் ஐடியும் தேதியும் எழுதி வச்சு எடுத்தேன், படத்தத் திருடி வேற யாரும் போட முடியாது. போட்ட அஞ்சு நிமிசத்துல "சிஸ், லாஸ்ட் பிரைஸ்?"ன்னு வரும், கார்டு என்னன்னுகூட பாத்திருக்க மாட்டாங்க. கோவப்படாதீங்க, பத்து சதவீதம் ஏத்திப் போட்டுட்டு பத்து சதவீதம் எறக்குங்க, ரெண்டு பேருக்கும் திருப்தி. பின்பக்கத்த பெரிசா காட்டுங்கன்னு கேக்குறவன்தான் நெஜமா வாங்குறவன், அவனுக்கு முதல்ல பதில் போடுவேன்.

பெரும்பாலும் எங்க ஏரியா ஈசூன் எம்ஆர்டி டிக்கெட் கேட் பக்கத்துலதான் குடுத்தது. ஒரு என்எஸ் பையன், அதாவது கட்டாய தேசிய சேவையில இருக்கிறவன், யூனிஃபார்ம்லயே வந்தான், கையடக்க லைட்டும் லென்ஸும் கொண்டு வந்து அங்கயே நின்னு பாக்குறான், ஜனம் எல்லாம் எங்கள ஒரு மாதிரியா பாக்குது. அவன் பாத்து முடிச்சுட்டு "அக்கா, நீங்க எல்பின்னு போட்டீங்க, இது அதுக்கும் மேல"ன்னு சொல்லி கேட்ட விலையே குடுத்தான். இன்னொருத்தர் பேநவ்ல, அதாவது போன்ல உடனே பேங்குக்கு காசு அனுப்புறதுல, அனுப்பிட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் காட்டுனாரு, என் பேங்க் ஆப்ல ஒண்ணும் வரல, "வரட்டும் அங்கிள், நான் வெயிட் பண்றேன்"னு நின்னேன், அவருக்கு திடீர்னு வேற வேல வந்துடுச்சு. ஸ்கிரீன்ஷாட்டுக்கு கார்ட குடுக்கவே குடுக்காதீங்க, உங்க ஆப்ல காசு ஏறுனதப் பாருங்க.

தபால்ல அனுப்புனது கொஞ்சம். ஸ்லீவ், அதுக்கு மேல டாப்லோடர், டாப்லோடர் வாய பெயிண்டர் டேப்பால ஒட்டி, முனைய மடிச்சு விட்டா எடுக்குறவங்களுக்கு வசதி, சாதா செல்லோடேப் போட்டா உரிக்கும்போது கார்டு சறுக்கி பசையில ஒட்டிக்கும். ரெண்டு பக்கமும் அட்டை வச்சு, பபிள் கவர், ட்ராக்கிங் நம்பரோட. கவர்ல அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ எடுத்து வச்சுக்குவேன்.

நடுத்தரமா இருந்த காமன், அன்காமன் எல்லாம் செட் செட்டா சேத்து வித்தேன், "ஃபாசில், ஹோலோ இல்லாம மிச்சம் எல்லாம்" மாதிரி. தன் புள்ளையோட சேர்ந்து செட் முடிக்கிற அப்பாமாருங்க இத உடனே எடுக்குறாங்க, அவங்களுக்குக் கண்டிஷன் பெரிசில்ல, நம்பர் முழுசா இருக்கணும், அவ்வளவுதான். காசு எல்லாம் பிரிச்சு அண்ணனுக்கு பாதி அனுப்பியாச்சு. அம்மா வீட்டுக் கடன் அடையல, ஆனா புது வீட்டுக்கு ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வந்துடுச்சு.

இன்னும் மிச்சம் இருக்கிறது எனர்ஜி கார்டு ஒரு ஷூ பெட்டி நிறைய, மஞ்சள், சிவப்பு, பச்சைன்னு கலந்து, ஓரம் எல்லாம் போனது. இதுக்கு விலை கெடையாது, ஆனா ஆடுறதுக்கு தாராளமா ஆகும். ஸ்கூல்லயோ சமூக மன்றத்துலயோ பசங்களுக்கு கிளப் நடத்துறவங்க யாராவது வேணும்னா ஈசூன் பக்கம் வந்து எடுத்துட்டுப் போங்க, காசு வேணாம், பெட்டியோடயே தர்றேன்.